உப்பை வழியிலேயே மறிக்கும் நெல்



உவர் நிலத்தில் நட்ட நெல்லைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கீழ்த்தோகைகளின் நுனி வெளுத்துச் சுருளும். பிறகு அந்த வெளுப்பு அடிவரை இறங்கும். வயலில் தண்ணீர் நின்றாலும் பயிர் காய்ந்துகொண்டே போகும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த நாகப்பட்டினத்து வயல்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் எர்ணாகுளத்தை ஒட்டிய காயலோர நிலங்களில் ஆண்டில் பல மாதம் உப்புத் தண்ணீர்தான். அங்கேயும் நெல் விளைகிறது. பொக்காளி என்று பெயர். கோடையில் வயல் மண்ணைச் சிறு மேடுகளாகக் கூட்டி வைப்பார்கள். ஜூன் மழை மேட்டிலுள்ள உப்பைக் கழுவிவிடும். முளைகட்டிய விதையை அதன்மேல் விதைத்து, நாற்று ஒரு மாதம் வளர்ந்ததும் மேட்டையே வெட்டி, நாற்றோடு சுற்றிலும் பரப்பிவிடுவார்கள்.

மழை செய்வது பாதி வேலை. மீதி விதைக்குள் இருக்கிறது. வேர் நீரை உறிஞ்சும்போது உப்பிலுள்ள சோடியமும் கூடவே ஏறும். பொட்டாசியம் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டால் இலையின் வேலை நின்றுபோகும். மேற்கு வங்கத்தின் நோனா பொக்ரா என்ற உப்பு தாங்கும் நெல்லில் இதைத் தடுக்கும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதம், நீர் ஏறும் குழாயை ஒட்டிய செல்களில் காவல் நிற்கிறது. மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைப் பிடித்து, இலைக்குப் போகவிடாமல் வழியிலேயே இறக்கிவிடுகிறது. உப்பு தாங்காத ஜப்பானிய நெல்லான கோஷிஹிகாரியிலும் இதே புரதம் உண்டு. இரண்டு நெல்லின் புரதத்துக்கும் வித்தியாசம் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்! பொக்காளியில் உப்பு தாங்கும் திறனோடு தொடர்புடையதாகக் கண்ட பகுதியும் அந்த மரபணு இருக்கும் அதே முதல் குரோமோசோமில்தான் இருக்கிறது.

உப்பைப் பார்த்துப் பயிர் பாடம் கற்றுக்கொண்டது என்று நினைத்துவிடக்கூடாது. விதைகளுக்குள் சின்னச்சின்ன வேறுபாடுகள் தானாக வருகின்றன. உப்பு அவற்றைச் சலித்தது. தாங்காதது கருகிற்று, தாங்கியது கதிர் விட்டது. அந்தக் கதிரை உழவர்கள் விதைக்கு எடுத்துவைத்தார்கள், தலைமுறை தலைமுறையாக.

பொக்காளி ஆளுயரம் வளர்ந்து சாயும். அதனால் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் குட்டை ரகத்தோடு கலப்புச் செய்து, உப்பு தாங்கும் குணத்தை மட்டும் பிரித்தெடுக்க முயன்றது. நம்மிடமும் களர்பாலை, குழியடிச்சான் என்று உவர் தாங்கும் பழைய ரகங்கள் இருக்கின்றன. அவற்றின் விதையை விதை வங்கியின் குளிரறையில் பூட்டினால் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. குளிரறையில் விதை உறங்கத்தான் செய்யும். சலித்தெடுத்தல் நடப்பது வயலில்.

அக்டோபரில் பொக்காளி முற்றும். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கதிரை மட்டும் அறுத்தெடுப்பார்கள். தாள் நீரிலேயே மக்கும். பிறகு மதகு திறக்கும். உப்புத் தண்ணீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும், அந்தத் தாளை மேய.