மெய்விவாக ஏட்டில் நம் முன்னோர்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கோவிலைக் கட்டிய சாமியார்களையும் மணி வாங்கிக் கொடுத்த பெருமக்களையும் நினைவுகூர்கிறோம். நல்லதே. ஆனால் அந்தக் கோவிலில் முழந்தாளிட்டிருந்த நம் குடும்பத்தார் யார், யார்? பாட்டனாருக்குப் பாட்டனார் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். பாட்டியின் தாயார் எந்த ஊரிலிருந்து வாழ வந்தவர் என்பதோ அநேக வீடுகளில் அடியோடு மறந்துபோயிற்று. அதைத் தேடிப் பார்க்க நமக்கு ஒரு வழி உண்டு. கோவில் அலமாரியில் இருக்கும் பழைய மெய்விவாக ஏடுதான் அது.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சாட்சியின்றி இரகசியமாக மணம் முடித்துவிட்டு, பிறகு அவளை எனக்குத் தெரியாது என்று கைவிரிப்போர் இருந்தார்கள். இதைத் தடுக்கவே 1563-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் ஒரு சட்டம் வகுத்தது. மூன்று ஓலை வாசிக்க வேண்டும். பங்குக் குருவின் முன்பாகவும் சாட்சிகளின் முன்பாகவும் மணம் நடக்க வேண்டும். மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், நாள், இடம் எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். நாளடைவில் பெற்றோர் பெயர், ஊர், வயது ஆகியவையும் சேர்ந்தன.

தமிழராகிய நமக்கு இது பெரும் உதவி. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயர்தான் முன்னெழுத்து. அது ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். (முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் உண்டு. ஆனால் ஒரே பெயர் எத்தனையோ வீடுகளுக்கு இருப்பதால் அங்கும் சிரமம் குறைவதில்லை!) கலியாணப் பதிவிலோ இரு வீட்டுத் தகப்பன்மார் பெயரும் அடுத்தடுத்து நிற்கும். அந்தத் தகப்பன்மாரின் கலியாணத்தை இருபது, முப்பது ஆண்டுகள் பின்னே போய்த் தேடினால் அடுத்த படி கிடைக்கும். மறுமணம் செய்த கைம்பெண்ணாயின், காலஞ்சென்ற முதல் கணவர் பெயரும் குறித்திருக்கும்.

எங்கே தேடுவது? பாட்டனார் இந்தப் பங்கு, ஆகவே அவர் கலியாணமும் இங்கேதான் நடந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தக்க காரணம் இருந்தாலன்றிப் பெண்ணின் பங்குக் குரு முன்பாகவே மணம் நடக்க வேண்டும் என்றது. பாட்டியின் ஊரே தெரியாதபோது என்ன செய்வது? பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவை எடுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். யாருக்கு, எங்கே, எப்போது மெய்விவாகம் ஆயிற்று என்பதை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து அங்கே குறிக்க வேண்டும் என்று 1907-ல் உரோமை ஆணையிட்டது. 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஓரக் குறிப்பு ஒற்றை வரிதான். ஆனால் பாட்டியின் ஊருக்கு அதுவே வழிகாட்டும்.

பழைய ஏடுகள் பல லத்தீனில் உள்ளன. வீட்டில் முடியப்பன் என்று அழைத்தவர் ஏட்டில் ஸ்தேபானுஸ் ஆகியிருப்பார். இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். இது தெரியாதவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, எங்கள் ஆள் இல்லை என்று திரும்பிவிடுவார். அன்றியும் பாதுகாவலர் பெயரையே பாதி ஊர் வைத்திருக்கும். பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு மட்டும் உறவு கொண்டாட முடியாது. தகப்பனார் பெயர், ஊர், சாட்சிகள் எல்லாம் பொருந்த வேண்டும்.

இன்னொரு சுவையான செய்தி. நமக்கு அத்தை மகளும் மாமன் மகளும் உரிமைப் பெண்கள். திருச்சபைச் சட்டத்திலோ அது இரத்த உறவுத் தடை. விலக்குப் பெற்றே மணம் முடிக்க வேண்டும். அந்த விலக்கை ஏட்டிலும் எழுதுவார்கள். பழைய ஏட்டில் இரத்த உறவு இரண்டாம் படி என்றிருந்தால் மணமக்கள் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள். மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்ணும் முறையே மாறி, அத்தை மகள் நான்காம் படி ஆகிவிட்டாள்! முறை பார்த்துக் கட்டிய நம் பெரியவர்கள் தங்களை அறியாமலே நமக்கு வம்சாவளி எழுதி வைத்துப் போனார்கள்.

மறைமாவட்ட எல்லைகள் மாறியதையும் கவனிக்க வேண்டும். கும்பகோணம் 1899-ல் புதுச்சேரியிலிருந்தும், தூத்துக்குடி 1923-ல் திருச்சியிலிருந்தும், தஞ்சாவூர் 1952-ல் மயிலாப்பூரிலிருந்தும் பிரிந்தன. பழைய கடிதங்களையும் விலக்குப் பத்திரங்களையும் தாய் மறைமாவட்டத்திலும் விசாரிக்கலாம். ஏட்டைக் கறையான் தின்றிருந்தாலும் மனம் தளர வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பதிவுகளின் விவரத்தை அரசுப் பதிவுத் தலைமை அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இவை பொதுநூலகப் புத்தகங்கள் அல்ல. தகப்பன் பெயர் எழுதப்படாத பிள்ளைகளும் ஏடுகளில் உண்டு. சில ஏடுகளில் சாதியையும் குறித்திருக்கிறார்கள். அடுத்த வீட்டாரின் பதிவைப் படித்துத் தெருவில் பேசுவதற்கோ, யார் உயர்ந்தவர் என்று அளப்பதற்கோ ஏட்டைத் தொட வேண்டாம். அந்த எண்ணத்தோடு வருபவருக்கு ஏடு காட்டாமலிருப்பதே நியாயம்.

பார்க்க விரும்புவோர் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தெரிந்த பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள்; கிழிந்த இடத்தில் ஒட்டும் டேப் போடாதீர்கள், அது தாளை மேலும் கெடுக்கும். வருவதற்கு முன், வீட்டில் வயதான அம்மாமார் இருந்தால் அவர்களிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேளுங்கள். ஏட்டில் ஏறாத ஊர்ப்பெயரும் பட்டப்பெயரும் அவர்களிடம்தான் இருக்கின்றன.