சிகிச்சைக்கு முன் ஈரலைப் பார்த்தல்

உடலின் ஓரிடத்திலே முளைத்த நோய் அவ்விடத்திலேயே நின்றுவிடுமாயின் வைத்தியரின் வேலை எளிதாகும். புற்றுநோயோ அவ்வாறு நிற்பதன்று. குடலின் கடைசிப் பகுதியாகிய மலக்குடலில் அது தோன்றினால், அடுத்துச் சென்று தங்கக்கூடிய இடங்களுள் முதன்மையானது ஈரல். ஆதலால் கதிர்ச்சிகிச்சை, மருந்துச் சிகிச்சை, சத்திரசிகிச்சை என்பவற்றுள் எதனைத் தொடங்குமுன்னும், ஈரலில் நோய் உண்டா, இல்லையா என்னும் வினாவுக்கு விடை காணவேண்டியிருக்கிறது.

ஈரலுக்கு ஏன் இந்த ஆபத்து? குடலிலிருந்து திரும்பும் குருதி நேரே இருதயத்தை அடைவதில்லை. வாயினாளம் என்னும் பெருங்குழாய் வழியாக முதலில் ஈரலுக்கே செல்கிறது. ஈரல் பெறும் குருதியில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு இவ்வழியாகவே வருகிறது. உணவின் சத்தைச் சுமந்துவரும் அந்த ஓட்டத்திலேயே, மலக்குடலிலிருந்து பிரிந்த புற்றுக் கலங்களும் வந்து சேர்கின்றன. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் குருதி வேறு வழியாலும் செல்வதனால், நுரையீரலையும் உடன் பார்ப்பது வழக்கம்.

இவ்வினாவுக்குரிய விடையில் இருவகைப் பிழை நேரலாம். இருப்பதை இல்லையென்று கொண்டால், நோயாளி பயன் தராத பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்க நேரும். தீங்கற்ற நீர்க்கட்டியொன்றைப் புற்றென்று கொண்டாலோ, குணமாகத்தக்க ஒருவருக்கு அதற்குரிய சிகிச்சை மறுக்கப்படலாம். இவ்விரு பிழைகளையும் குறைப்பதே படமெடுக்கும் முறைகளின் நோக்கம்.

எளியது அல்ட்ரா சவுண்ட். காதுக்குக் கேளாத ஒலியலைகளின் எதிரொலியால் அது படம் வரைகிறது. செலவு குறைவு, கதிர்வீச்சும் இல்லை. ஆயினும் குடலிலுள்ள வாயுவும் உடலின் கொழுப்பும் அவ்வொலியைத் தடுக்கும். பார்ப்பவரின் கைப்பழக்கத்தையும் அது பெரிதும் சார்ந்திருக்கிறது. சிறு புள்ளிகள் தப்பிவிடலாம்.

அடுத்தது சி.ரி. ஸ்கான். ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆக்கிய இக்கருவியால் 1971ஆம் ஆண்டு இலண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இன்று மலக்குடற் புற்றுநோயாளருக்குப் பெரும்பாலும் முதலிற் செய்யப்படுவது இதுவே. நெஞ்சு, வயிறு, இடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே முறையிற் காட்டிவிடும். அயடீன் கலந்த மருந்தை நாளத்திற் செலுத்தி ஏறத்தாழ 70 செக்கன் பொறுத்தால், வாயினாளக் குருதியால் ஈரல் ஒளிபெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் நாடிக் குருதியால் வளர்வதாதலின் அவ்வேளை மங்கித் தோன்றும். குறை யாதெனின், ஒரு சென்ரிமீற்றரினும் சிறிய புள்ளியைக் கண்டாலும், அது புற்றா நீர்க்கட்டியா என்று துணிந்து கூற இதனால் இயலாமற்போவதுண்டு.

அவ்விடத்தில் உதவுவது எம்.ஆர்.ஐ. இது எக்ஸ் கதிரின்றிக் காந்தப் புலத்தாலும் வானொலி அலைகளாலும் இயங்குவது. ஈரற் கலங்கள் தாமே உள்வாங்கும் தனி மருந்தொன்றைச் செலுத்தி ஏறத்தாழ 20 நிமிடம் கழித்துப் படமெடுத்தால், ஈரல் முழுவதும் வெண்மையாகத் துலங்கும். புற்றுக்கட்டியில் ஈரற் கலம் இல்லை. ஆகவே அது கரும்புள்ளியாகப் பிரிந்து நிற்கும். சிறு புள்ளிகளை அறிவதிலும் இனம் பிரிப்பதிலும் இம்முறை சி.ரி.யை விஞ்சுகிறது. ஆயினும் செலவும் நேரமும் மிகுதி; உடலில் இருதயத் துடிப்புக் கருவி முதலிய உலோகப் பொருள் உடையோர் அதனை முன்னரே கூறவேண்டும்.

பெட் ஸ்கான், சீனியை மிகுதியாக உண்ணும் புற்றின் இயல்பைப் பயன்படுத்துகிறது. ஈரலுக்கு வெளியே மறைந்திருக்கும் நோயைக் காட்டுவதில் அது வல்லது. மிகச் சிறிய ஈரற் புள்ளிகளைக் காட்டுவதில் அத்துணை வல்லதன்று. எல்லோருக்கும் அது வேண்டுவதுமன்று.

இவற்றைச் சிகிச்சைக்கு முன்னரே செய்யவேண்டியது ஏன்? மருந்துச் சிகிச்சை தொடங்கியபின் ஈரலிற் கொழுப்புப் படிவதுண்டு. அதனாற் படத்தின் தெளிவு குறையும். மேலும், மருந்தினாற் புள்ளிகள் சுருங்கிக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடலாம். படத்தில் மறைந்ததெல்லாம் உடலில் மறைந்ததாகாது. உயிருள்ள புற்றுக் கலங்கள் அவ்விடத்தே எஞ்சியிருப்பதுண்டு. முதலில் எடுத்த படம் இல்லையெனின், சத்திரசிகிச்சை நிபுணர் எவ்விடத்தைத் தேடுவார்?

ஈரலிற் பரவிவிட்டது என்ற அளவிலே நம்பிக்கை இழக்கவேண்டியதுமில்லை. வெட்டிய பின்னும் மீள வளரும் இயல்பு ஈரலுக்கு உண்டு. புள்ளிகள் சிலவாகவும் நீக்கத்தக்க இடத்திலும் இருந்தால், அவற்றை நீக்கி நெடுநாள் வாழ்வோரும் உளர்.

ஆகவே நேயர்களே, எந்தக் கருவி உயர்ந்தது என்று கேட்பதனினும், எந்தக் கருவி எந்த வினாவுக்கு விடை தரும் என்று கேட்பதே பொருத்தம். பெரும்பாலார்க்குச் சி.ரி. போதும், ஐயம் எழுந்தாலோ, ஈரலிற் சத்திரசிகிச்சை செய்ய எண்ணினாலோ எம்.ஆர்.ஐ. வேண்டும். உற்றாருள் ஒருவருக்கு இந்நோய் என்று அறிந்தால், "சிகிச்சை தொடங்குமுன் ஈரலைப் பார்த்தாயிற்றா?" என வைத்தியரிடம் பணிவுடன் வினவுவது குற்றமன்று, கடமையாகும்.