பொம்பாவைச் சோதிப்பவர் யார்?

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், லீவு என்று பேசுவதற்கு எத்தனையோ விஷயங்கள் இருக்க, இவர் எதற்குத் தீயணைப்புப் படையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று சிலர் எண்ணலாம். தோழர்களே, இது நம்முடைய விஷயம். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், வறட்சி வந்தால் ராஜா மூசா காட்டின் சதுப்பு மண் அடியிலேயே கனன்று புகைகிறது. அந்தப் புகையோடு போராடுகிறவர்கள் யார்? பொம்பாக்காரர்கள். 16-12-2022ல் பத்தாங் காலி அருகே மலைச் சரிவு கூடாரங்களை மூடி 31 உயிர்களைக் கொண்டுபோனபோது, இரவும் பகலும் மண்ணைத் தோண்டியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் யார்? அவர்களேதான். ஆகவே, அவர்களைக் குறை கூற நான் இங்கே வரவில்லை. அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளிகளே.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. 1988ம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட வகைக் கட்டடங்களைப் பொம்பா இலாகா சோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்கிறது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். மற்றவர்களைச் சோதிக்கும் அந்த இலாகாவைச் சோதிப்பவர் யார்?

பால் நிறுக்கும் தராசை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோருக்கு வருகிறோம். கிராணியார் நிறுக்கிறார். அந்தத் தராசை வெளியார் ஒருவர் வந்து சோதித்து முத்திரையிட வேண்டும் என்கிறோம். கிராணியார் கெட்டவர் என்பதாலா? இல்லவே இல்லை. முத்திரையிட்ட தராசு தொழிலாளிக்கு நம்பிக்கை தருகிறது. கிராணியாரை வீண் பழியிலிருந்து காப்பாற்றுகிறது. லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று துரையே பார்த்துத் துரையே எழுதிக்கொண்டால் எவனாவது ஒப்புக்கொள்வானா? லேபர் இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும் என்கிறோம் அல்லவா? அந்த நியாயம்தான் இங்கும்.

நம் சிலாங்கூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 3-10-2018ல் பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில், கைவிடப்பட்ட ஈயக் குட்டையில் ஒரு பையன் விழுந்துவிட்டான். அவனைத் தேட இறங்கிய பொம்பா நீர் மீட்பு வீரர்கள் ஆறு பேரும் நீரின் சுழலில் சிக்கி மாண்டார்கள். பிறர் பிள்ளையைத் தேடிப் போனவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் திரும்பவில்லை! நாடே கலங்கியது. விசாரணைக் கமிட்டி அமைக்கப்பட்டது. 7-5-1991ல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தபோதும் அரச விசாரணைக் கமிஷன் வந்தது. பின்னர் 1994ல் தொழில் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது.

நல்லதுதான். ஆனால் கமிட்டி எப்போது வருகிறது? பிணம் விழுந்த பிறகு. வந்து விசாரிக்கிறது, எழுதுகிறது, கலைகிறது. கயிறு போதுமா, பயிற்சி போதுமா, ஆள் போதுமா என்று விபத்துக்கு முன்பே கேட்பதற்கு, இலாகாவுக்கு வெளியே நின்று ஆண்டுதோறும் பார்க்கும் நிரந்தரச் சபை நம் நாட்டில் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கிறது. போலீசைச் சோதித்துவந்த இன்ஸ்பெக்டர் சபையிடம் 2017 ஜூலையில் தீயணைப்புப் படைகளைச் சோதிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. 2018, 2019 ஆண்டுகளில் அங்கிருந்த 45 படைகளையும் முதல் சுற்றாகச் சோதித்தார்கள். மூன்று கேள்விகள்: மக்களைக் காப்பாற்றும் வேலையைச் சரியாகச் செய்கிறதா? பணத்தையும் ஆளையும் வீணாக்காமல் நடத்துகிறதா? தன் ஊழியர்களை நன்றாக நடத்துகிறதா? இந்த மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள், தோழர்களே! அதிகாரியிடம் மட்டும் கேட்பதில்லை. குழாய் பிடிக்கும் ஊழியனிடமும் கேட்கிறார்கள். பெயரை வெளியிடாமல் முறையிடவும் வழி இருக்கிறது. படைவாரியாக அறிக்கை அச்சேறி எல்லார் பார்வைக்கும் வருகிறது.

இதனால் என்ன பயன்? லண்டனைப் பாருங்கள். 14-6-2017ல் கிரென்பெல் என்ற 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். ஒரு மணிக்குச் சற்று முன் தீப்பற்றியது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற ஆலோசனை 2.47 வரை மாற்றப்படவில்லை. தீ பரவியதற்குப் பிரதான காரணம் வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் பலகைகளே என்று 2019 அக்டோபரில் விசாரணை அறிக்கை சொன்னது. தீயணைப்பாளர்களின் வீரத்தையும் அது பாராட்டியது. ஆனால் அத்தகைய தீக்குப் படையின் தலைமை தயாராக இல்லை என்றும் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்ஸ்பெக்டர் சபை தன் அறிக்கையை வெளியிட்டது: கிரென்பெல்லில் கற்ற பாடங்களை அமல்படுத்துவதில் லண்டன் படை மெதுவாக இருக்கிறது என்று பகிரங்கமாக எழுதியது. விசாரணை நடந்ததைச் சொல்லும். சொன்னதைச் செய்தார்களா என்று திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது இன்ஸ்பெக்டர் சபை. வித்தியாசம் இதுதான்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபைக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. குறையை எடுத்துக் காட்டத்தான் முடியும். அறிக்கை தண்ணீர் பாய்ச்சாது. பணமும் ஆளும் வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் வெள்ளையடிக்கிற வித்தை நாம் அறியாததா? ஆகவே, முன்னறிவிப்போடு மட்டுமல்ல, முன்னறிவிப்பு இல்லாமலும் சோதனை நடக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை என்ன? முதலாவது, இலாகாவுக்குக் கட்டுப்படாத சபை அமைந்து, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இரண்டாவது, மாவட்டவாரியாகக் கணக்கு வெளிவர வேண்டும். 999க்கு அழைத்தால் பட்டணத்துக்கு எத்தனை நிமிடம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ராசா, களும்பாங் தோட்டங்களுக்கு எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும். மூன்றாவது, பொம்பா ஊழியன் பயமின்றி வாய் திறக்கப் பாதுகாப்பு வேண்டும்.

நம் கையில் உள்ள வேலையும் உண்டு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயங்களைச் சுற்றி வரட்டும். மண் சடக்கில் பொம்பா லாரி வருமா? இரவில் கேட்டுப் பூட்டின் சாவி யாரிடம்? தண்ணீர் எங்கே எடுப்பது? பழைய வயர், காஸ் தோம்பு எப்படி இருக்கின்றன? கிராணிமார்கள் இவற்றைத் தெளிவாக எழுதி, ஒரு நகலைப் பொம்பா நிலையத்துக்கும் ஒன்றைச் சங்கத்துக்கும் அனுப்பட்டும். பேனா பிடிக்கும் கையும் வெட்டுக் கத்தி பிடிக்கும் கையும் சேர வேண்டிய வேலை இது.

பூச்சோங்கில் மாண்ட ஆறு தொழிலாளிகளுக்கு நாம் செலுத்தும் மரியாதை கண்ணீர் மட்டுமல்ல. அடுத்த வீரன் இறங்கும்முன் அவன் கயிற்றைச் சோதித்தாயா என்று அரசாங்கத்தைக் கேட்பதே உண்மையான மரியாதை. கேட்போம், தோழர்களே, பதில் வரும்வரை கேட்போம்!