புதிரும் நம்பிக்கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியிருக்கும் மன்றத்தில் கணிப்பொறி விளையாட்டுக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், கவிதை புரியவில்லை என்னும் குறையையும், எல்லாம் புரிந்துவிட்டால் அது கவிதையாகுமா என்னும் மறுமொழியையும் பத்தாண்டுகளாகக் கேட்டு வந்த வட்டம் இது. அதே வழக்கு வேறொரு கலையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. புதிர்ச் சாகச விளையாட்டுகள் எனப்படும் அக்கலையின் கவர்ச்சியும், அது ஆடுபவர்க்குத் தரும் எரிச்சலும் ஒரே வேரில் கிளைத்தவை. அவ்வேரைத் தேடிக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டுகளில் விரைந்து சுடுதல் இல்லை. தாவிக் குதித்தலும் இல்லை. ஆடுபவர் முன்பின் அறியாத ஓர் இடத்தில் விடப்படுகிறார். எதிரே ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது. திறவுகோல் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அஃது இரும்பாலான திறவுகோல் அன்று. ஒரு குறிப்பு, ஓர் ஒலி, ஒரு சொல், பொருத்தமற்றவை போலத் தோன்றும் இரு பொருள்களுக்கு இடையே உள்ள உறவு. அவ்வுறவைக் கண்டுபிடித்தால் கதவு திறக்கும். கண்டுபிடிக்கும் வரை, நாட்கணக்கில் ஆயினும், அதே அறையில் நிற்க வேண்டியதுதான்.

சொல்லால் ஆன குகை

இக்கலையின் தொடக்கம் முழுக்க முழுக்கச் சொல்லால் ஆனது என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. அமெரிக்காவில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர்களுள் ஒருவர் வில் கிரவுதர். அவரும் அவர் மனைவியும் குகை ஆய்வில் ஈடுபாடு கொண்டவர்கள்; கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை அளந்து வரைபடம் ஆக்கியவர்கள். மணவாழ்வு முறிந்தபின் கிரவுதர் குகைகளிலிருந்து விலகினார். பிரிந்திருந்த தம் மகள்கள் வந்தால் விளையாட வேண்டும் என்னும் ஆசையால், 1975, 1976 ஆண்டுகளில், தாம் நடந்த குகையைச் சொற்களால் மீண்டும் கட்டினார். திரையில் படம் ஏதும் இல்லை. இடத்தின் வருணனை வரும். ஆடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளை தருவார். குகை மறுமொழி சொல்லும். 1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டான் வுட்ஸ், கிரவுதரின் இசைவு பெற்று அதனை விரித்தார். 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்னும் பெயரில் அது பரவியது.

அதில் ஒரு சிறு பறவை உண்டு. கையில் கூண்டு இருந்தும் பறவை பிடிபடாது. நெருங்கினால் அஞ்சி விலகும். காரணம், ஆடுபவர் வழியில் எடுத்து வந்த ஒரு கருங்கோல். கோலைக் கீழே வைத்தால் பறவை கைக்கு வரும். பின்னர் அதே பறவை, வழிமறிக்கும் பாம்பைத் துரத்திவிடும். சேர்த்து வைத்துக்கொள்வதே பழக்கமான ஆட்டத்தில், ஒன்றை விட்டுவிடுவதே விடையாக அமைந்தது. அச்சம் என்னும் குறிப்பு தொடக்கத்திலேயே வருணனைக்குள் இருந்தது. விடை தெரிந்தவுடன், இது முன்னமே கண்முன் இருந்ததே என்று ஆடுபவர் தம் தலையில் தாமே தட்டிக்கொள்கிறார். இவ்வினிய தோல்வியே இக்கலை தரும் இன்பம்.

அதே குகையில் இன்னொன்றும் உண்டு. முழு மதிப்பெண் 350. எல்லாச் செல்வங்களையும் மீட்டு எல்லாப் புதிர்களையும் அவிழ்த்தவர்கள் 349இல் நின்று தவித்தார்கள். குகையில் கிடக்கும் ஓர் இதழை, அறிவின் எல்லை என்று பொருள்படச் சிலேடைப் பெயர் சூட்டப்பட்ட ஒரு மூலையில் கொண்டுபோய்ப் போட்டால் மட்டுமே எஞ்சிய ஒரு மதிப்பெண் கிட்டும். அவ்வாறு செய்ய வேண்டும் என்று ஊகிக்க எவ்வித வழியும் இல்லை. ஆக, இன்பமும் எரிச்சலும் முதல் குகையிலேயே அருகருகே பிறந்துவிட்டன.

மீனும் பெயரும்

1979இல் தோன்றிய இன்ஃபோகாம் நிறுவனம் 'ஸோர்க்' முதலிய ஆட்டங்களால் இச்சொற்கலையை வளர்த்தது. எரிச்சலும் உடன் வளர்ந்தது. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும், கணிப்பொறிக்குத் தெரிந்த வினைச்சொல் எதுவென்று தெரியாமல் தவிப்பது அந்நாளைய ஆடுபவர்களின் பொது அனுபவம். அந்நிறுவனமே குறிப்பேடுகளை விற்றது. அவற்றில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருக்கும்; உடன்வரும் தனிப் பேனாவால் தேய்த்தால் வரிவரியாக வெளிப்படும். முதல் வரி இலேசான குறிப்பு, இறுதி வரி முழு விடை. எவ்வளவு தோல்வியை ஏற்பது என்பதை ஆடுபவரே முடிவு செய்துகொள்ளும் நாகரிகமான ஏற்பாடு அது.

1984இல் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து தம் நகைச்சுவைப் புதினத்தை ஆட்டமாக்கினார். அதில் காதில் புகுந்து பிறமொழிகளை விளங்கவைக்கும் ஒரு மீன் உண்டு. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் மீனை எறியும். மீன் சுவரிலுள்ள ஓட்டையில் போய்விடும். மேலங்கியைத் தொங்கவிட்டு ஓட்டையை மறைத்தால் மீன் சறுக்கித் தரையிலுள்ள வடிகாலில் விழும். துண்டால் வடிகாலை மூடினால் துப்புரவு இயந்திரம் ஓடிவந்து மீனைக் கவர்ந்து செல்லும். பையை வைத்து அதன் வழியை மறித்தால் மீன் மேலே எகிறும். மேலே இன்னோர் இயந்திரம் பறந்து வந்து பிடிக்கும். பையின்மேல் விளம்பரத் தாள்களை வைத்தால் அவை சிதறி அவ்வியந்திரத்தின் கவனத்தை ஈர்க்க, மீன் காதில் விழும். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த படியைக் கற்பிக்கிறது. ஒவ்வொரு படியிலும் நகைப்பும் உண்டு. அம்மீனைப் பெற்றதைப் பறைசாற்றும் பனியன்கள் விற்பனைக்கு வந்தன என்றால் அதன் புகழை ஊகிக்கலாம்.

ஆனால் அதே புதிரில் அநீதியும் உண்டு. அத்தாள்களைத் தொடக்கத்தில், பூமி அழியுமுன் எடுத்து வந்திருக்க வேண்டும். எடுக்காதவர் எவ்வளவு சிந்தித்தாலும் மீனைப் பெற இயலாது. அதனை ஆட்டமும் அவருக்குச் சொல்லாது. அவ்வாறே, தொடக்கத்தில் ஒரு நாய்க்கு ரொட்டி கொடுக்காதவர் நெடுந்தொலைவு சென்றபின் அதன் பொருட்டுத் தோற்பார். விடையற்ற வினாவின்முன் மனிதரை உட்கார்த்தி வைப்பது கடினம் ஆகாது, அது ஏமாற்று.

அதே 1984இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கிய 'கிங்ஸ் க்வெஸ்ட்' படங்களோடு வந்தது. அதில் ஒரு குள்ளனின் பெயரைச் சொல்ல வேண்டும். சில வேளை பின்னோக்கி எண்ணுவது நலம் என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதை அறிந்தவர் ரம்பில்ஸ்டில்ட்ஸ்கின் என்னும் பெயரை நினைவுகூர்ந்து, அதனைத் தலைகீழாக எழுதுவார். அது தவறு. அகரவரிசையையே தலைகீழாக்கி, முதலெழுத்துக்கு இறுதியெழுத்தாக ஒவ்வொன்றையும் மாற்றியெழுத வேண்டும். சரியாகச் சிந்தித்தவரையும் தண்டிக்கும் புதிர் இது. குறிப்பு ஒன்று, அதற்கு இயல்பான பொருள் இரண்டு. படைப்பாளர் மனத்திலிருந்ததே செல்லும் என்றால், ஆடுபவர் அறிய வேண்டியது புதிரை அன்று, படைப்பாளரின் மனத்தை.

சொற்போர்

இந்நிலையைக் கண்டு சினந்தவர்களுள் ரான் கில்பர்ட் குறிப்பிடத்தக்கவர். சாகச விளையாட்டுகள் ஏன் சகிக்கத்தகாதவையாக உள்ளன என்று 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே 'மங்கி ஐலண்ட்' என்னும் கடற்கொள்ளையர் கதையில் தம் கொள்கையைச் செய்து காட்டினார். அதில் வாட்போர், சொற்போராகவே நடக்கிறது. எதிரி ஒரு வசை கூறுவான். தக்க எதிர்வசை சொன்னவரே முன்னேறுவார். வழியில் பலரிடம் தோற்றுத் தோற்றே வசைகளையும் மறுமொழிகளையும் கற்க வேண்டும். இறுதியில் வாள்வித்தையின் தலைவியை எதிர்கொள்ளும்போது அவள் இதுவரை கேளாத வசைகளைத் தொடுக்கிறாள். ஆயினும் பழைய மறுமொழிகளே புதிய வசைகளுக்கும் பொருந்துகின்றன. மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார், பொருளுணர்ந்தவர் வெல்வார். புலவர்களின் வாதுக்களம் அறிந்த அவைக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

அவர் படைப்பும் 1991இல் இரண்டாம் பாகத்தில் சறுக்கியது. ஓர் அருவியின் நீரை நிறுத்த, மயக்கிய குரங்கொன்றைத் திருகுசாவியாகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவகைத் திருகுசாவிக்குக் குரங்கின் பெயர் உண்டு. விடை அச்சிலேடையில் மட்டுமே நிற்கிறது. அதே ஆங்கிலத்தைப் பேசும் பிரிட்டனில்கூட அக்கருவிக்கு வேறு பெயரே வழக்கு. மொழிபெயர்ப்பில் ஆடியவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். சிலேடை அறிந்தவர்க்கு விருந்து, அறியாதவர்க்குச் சுவர். காளமேகத்தைப் பிறமொழிக்குப் பெயர்க்க முயன்றவர்கள் இத்துன்பத்தை உணர்வார்கள்.

ஒலியும் எண்ணும்

1993இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் 'மிஸ்ட்' என்னும் தீவைப் படைத்தனர். அக்காலக் குறுந்தகட்டின் வேகக் குறைவுக்கு ஏற்ப, ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களால் அத்தீவு ஆனது. மாந்தர் நடமாட்டம் இல்லை, சாவு இல்லை, கட்டளை ஏதும் இல்லை, காற்றும் அலையும் மட்டும் ஒலிக்கும். ஆடுபவர் மூட்டை கட்டிச் சுமக்கும் பொருள்களும் இல்லை. சேர்ப்பது அறிவு ஒன்றையே. விடை தெரிந்தவர் சில மணித்துளிகளில் முடித்துவிடலாம். தெரியாதவர்க்குப் பல வாரங்கள் ஆகும். இடையிலுள்ள அவ்வாரங்களே அவ்வாட்டம். 60 இலட்சத்துக்கும் மேலான படிகள் விற்ற அது, 2002 வரை தனியாள் கணிப்பொறியில் மிகுதியாக விற்ற விளையாட்டாக விளங்கியது.

அதிலும் ஒரு சுரங்கச் சிக்கல் உண்டு. ஊர்தியில் அமர்ந்து இருளில் செல்லும்போது ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் ஒலி கேட்கும். அவ்வொலி செல்ல வேண்டிய திசையைச் சொல்கிறது. எந்த ஒலிக்கு எந்தத் திசை என்பது வேறோர் உலகத்தில், சுழலும் கோட்டை ஒன்றில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் இவ்வுலகங்களுக்குள் எந்த வரிசையிலும் செல்லலாம். சுரங்கத்துக்கு முதலில் வந்தவர், பாடம் படிக்குமுன் தேர்வு எழுதியவராகிறார். காது கேளாதவர்க்கோ அவ்வொலி இல்லவே இல்லை.

இக்குறைகளைக் கடந்த படைப்பு 1997இல் வந்த 'ரிவன்'. தன்னைத் தெய்வமாக அறிவித்துக்கொண்ட கெஹ்ன் என்னும் கொடுங்கோலன் ஆளும் தீவுக்கூட்டம் அது. ஆளற்ற பள்ளியறை ஒன்றில் ஒரு விளையாட்டுப் பொருள் இருக்கிறது. அதனைச் சுழற்றினால் ஓர் எண்குறி தோன்றும். கயிற்றில் தொங்கும் சிறு மனிதவுரு அவ்வெண்ணிக்கை அளவுக்கு, கீழே வாய்பிளந்து நிற்கும் கடல்விலங்கை நோக்கி இறங்கும். இதைக்கொண்டு ஒன்று முதல் பத்து வரையுள்ள குறிகளைக் கற்கலாம். ஒன்றின் குறியைத் திருப்பினால் ஐந்து, ஐந்தோடு ஒன்றைச் சேர்த்தால் ஆறு என்னும் அமைப்பு புலப்பட்டால், காட்டப்படாத எண்களையும் தாமே கணித்துவிடலாம். எண் கற்ற மகிழ்ச்சியோடு ஒரு நடுக்கமும் உடன்வருகிறது. இங்குள்ள குழந்தைகள் மனிதனை விலங்குக்கு இரையாக்கியே எண்ணக் கற்கின்றனர் என்பது அப்போதுதான் உறைக்கிறது. கதையை நிறுத்திவிட்டுப் புதிர், புதிரை முடித்துவிட்டுக் கதை என்னும் பிரிவு இங்கே மறைந்தது. புதிரை அவிழ்த்தலே கதையை உணர்தல் ஆயிற்று.

வீழ்ச்சியும் மீட்சியும்

எனினும் இக்கலையின் சந்தை சரிந்தது. 1999இல் வந்த 'காப்ரியல் நைட்' மூன்றாம் பாகம் அச்சரிவின் சின்னமாகிவிட்டது. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்க நண்பனைப் போல வேடமிட வேண்டும். அதற்காகப் பூனையின் மயிரை ஒட்டுத்தாளில் சிக்கவைத்து, இனிப்புப் பாகால் மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்நண்பனுக்கோ மீசையே இல்லை. ஆகவே அவனுடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும்! சாகச விளையாட்டு கொலையுண்ணவில்லை, தன்னைத் தானே மாய்த்துக்கொண்டது என்னும் கருத்துப்பட எரிக் வோல்பா 2000இல் எழுதிய கட்டுரை இப்புதிரையே சான்றாகக் காட்டியது. விரைவு விளையாட்டுகளின் பெருக்கமும் ஒரு காரணமே. ஆனால் உள்ளிருந்தே வந்த நோய் இது. இணையத்தில் விடைகள் மலிந்தபின் நிலைமை மேலும் மாறியது. நம்பிக்கை இழந்த ஆடுபவர், முதல் தடையிலேயே விடையைத் தேடலானார். விடை கிடைத்தது, இன்பம் கிடைக்கவில்லை.

கலை அத்துடன் முடியவில்லை. 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'மிஸ்ட்' ஆட்டத்தைத் தன் தொகுப்பில் சேர்த்தது. 2018இல் லூக்காஸ் போப் படைத்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கு நேர்ந்ததை ஆராயச் சொல்கிறது. மூவருடைய முடிவைச் சரியாகக் கண்டால் மட்டுமே ஆட்டம் அதனை உறுதி செய்யும். குருட்டு ஊகத்துக்கு இடமில்லை, ஆயினும் துணை உண்டு. 2022இல் ரான் கில்பர்ட் மீண்டும் தம் தீவுக்குத் திரும்பியபோது, படிப்படியாகக் குறிப்புத் தரும் ஏட்டை ஆட்டத்துக்கு உள்ளேயே வைத்தார். 2024இல் 'ரிவன்' புதுவடிவம் பெற்றது.

தொல்காப்பியம் பிசியைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக வைத்தது. விடுகதை போடுபவர், விடையைத் தம்மிடம் மட்டும் வைத்துக்கொள்வதில்லை; வினாவுக்குள்ளும் வைத்துவிடுகிறார். கேட்பவர் தோற்றாலும் விடையைக் கேட்டவுடன் சிரித்து ஒப்புக்கொள்வது அதனாலேதான். பறவையும் எதிர்வசையும் பள்ளியறை எண்களும் அவ்வழி வந்தவை. தலைகீழ் அகரவரிசையும் பூனை மயிர் மீசையும் அவ்வழி தவறியவை. இரண்டும் கடினமானவையே. விடை உள்ளே இருக்கிறது என்று நம்பித்தான் ஒருவர் பூட்டிய கதவின்முன் பல நாள் அமர்கிறார். அந்நம்பிக்கையே கவர்ச்சியின் வேர். அது பொய்த்த இடமே எரிச்சலின் வேர்.

கவிதையைப் படிப்பவரும் அவ்வாறே அமர்கிறார். எளிதாக எழுத வேண்டும் என்னும் கட்டாயம் கவிஞருக்கு இல்லை. அரிய சொல்லை ஆளலாம், குறிப்பாலேயே உணர்த்தலாம், வாசகரை நெடுநாள் காக்க வைக்கவும் செய்யலாம். ஆனால் பூட்டுமுன் திறவுகோலை உள்ளே வைத்தாயிற்றா என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அவ்வினாவை அடுத்த பத்தாண்டுக்கும் எடுத்துச் செல்வதாக.