வண்டி இன்சூரன்ஸ் யாருக்காக?



ஒரு பால்காரர். அவரிடம் ஒரு பைக். புது வண்டியாகவே வாங்கினார். வாங்கி ஐந்து வருடம் எட்டு மாதம் ஆகிறது. பின்னால் இரண்டு பால் கேன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒரு நாள் மூடுபனி. சாலையைக் கடந்த பாட்டி ஒருவர் மீது வண்டி மோதிவிட்டது. பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

போலீஸ் வந்தது. லைசென்ஸ் கேட்டார்கள், கொடுத்தார். ஆர்.சி. புத்தகம் கேட்டார்கள், கொடுத்தார். இன்சூரன்ஸ் கேட்டார்கள். அது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இத்தனை வருஷத்தில் ஒருத்தர் மேலேயும் இடிச்சதில்லைங்க. அதுக்கு எதுக்குப் பணம் கட்டணும்னு விட்டுட்டேன்" என்றார்.

இது ஒரு கதைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசின் கணக்கு.

அந்தப் பால்காரருக்கு என்ன தண்டனை? 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதைச் சொல்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. முன்பு அபராதம் 1,000 ரூபாய் வரை இருந்தது. சட்டத்தைத் திருத்தினார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 2,000 ரூபாய். இல்லையென்றால் மூன்று மாதம் வரை ஜெயில். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். மறுபடியும் பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். ஓட்டியவருக்கு மட்டும்தான் தண்டனை என்று நினைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை மைத்துனரிடம் ஓட்டக் கொடுத்தாலும், கொடுத்தவருக்கும் அதே தண்டனை உண்டு.

2,000 ரூபாயைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

பாட்டியின் பிள்ளைகள் நஷ்டஈடு கேட்டு மனு போடுவார்கள். இதற்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறது. அதன் பெயர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அடிபட்டவரின் வயது, வருமானம், ஆஸ்பத்திரிச் செலவு, ஊனம் எல்லாவற்றையும் பார்த்து அது ஒரு தொகையைத் தீர்மானிக்கும். அது சில ஆயிரமாக இருக்கலாம். பல லட்சமாகவும் இருக்கலாம். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தத் தொகையை நிறுவனம் கட்டும். இல்லையென்றால் பால்காரர் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் வீடு, நிலம் வரைக்கும் ஜப்தி வரலாம்.

வண்டியும் எளிதில் திரும்பி வராது. 2018 இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் ஈடு காட்டினால்தான் வண்டியை விட வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஈடு காட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். எல்லா மாநிலங்களும் இப்படி விதி செய்ய வேண்டும் என்றது அந்த உத்தரவு.

பழைய பைக் ஏலத்தில் என்ன விலை போகும்? ஆபரேஷன் செலவுக்கே காணாது. பாட்டியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு கையில் இருக்கும். பணம் வராது. பால்காரரும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்.

அப்படியானால் இந்த இன்சூரன்ஸ் யாருக்காக? வண்டிக்காக என்று சொல்வார்கள். அது சரியல்ல. சட்டம் கட்டாயம் என்று சொல்வது பாட்டிக்காக. வண்டிக்காரர் முதல் ஆள். இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டாவது ஆள். வெளியில் நின்று அடிபடுகிறவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதற்கு மூன்றாம் நபர் காப்பீடு என்று பெயர். 'தேர்ட் பார்ட்டி' என்று ஏஜெண்டுகள் சொல்வது இதைத்தான். சொந்த வண்டி நசுங்கினாலோ திருட்டுப் போனாலோ இதில் பணம் வராது. அதற்கு 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிற பெரிய பாலிசி எடுக்க வேண்டும். அதை எடுப்பது அவரவர் விருப்பம்.

மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எவ்வளவு செலவு? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறாது. அரசே தொகையை அறிவிக்கிறது. 75 சி.சி. வரை உள்ள மொபெட்டுக்கு வருடத்துக்கு 538 ரூபாய். 75 க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு 714 ரூபாய். 1000 சி.சி. வரை உள்ள சிறிய காருக்கு 2,094 ரூபாய். இவை 2022 ஜூன் 1 முதல் அறிவித்த தொகைகள். வரி தனி. வகுப்பில் படித்த வகுத்தல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 714 ஐ 365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

பால்காரர் எங்கே தவறினார் தெரியுமா? 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்து வருகிறது. புதுக் காருக்கு மூன்று வருடம். ஐந்து வருடம் கவலை இல்லாமல் ஓடிவிடுகிறது. ஆறாவது வருடம் அந்தப் பேச்சே மறந்துபோகிறது.

பாலிசி இருந்தாலும் சில இடங்களில் பணம் வராது. இதை ஊரில் பலர் கவனிப்பதில்லை. கல்யாணம், திருவிழா என்றால் லாரியிலும் டிராக்டர் பெட்டியிலும் ஐம்பது பேர் ஏறிக்கொள்கிறார்கள். குழந்தைகளும் ஏறுகிறார்கள். அது சரக்கு ஏற்றும் வண்டி. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரக்கோடு கூட வரும் சரக்கின் சொந்தக்காரர் விஷயம் வேறு. அவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கல்யாணக் கூட்டத்துக்கு இல்லை. வண்டி கவிழ்ந்தால் டிராக்டர்காரர் எத்தனை குடும்பத்துக்குப் பதில் சொல்வார்?

பைக்கில் பின்னால் உட்காருகிறவருக்கும் வெறும் மூன்றாம் நபர் பாலிசி போதாது. தினமும் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து வேலைக்குப் போகிறவர், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓட்டுகிற உரிமையாளருக்கு என்றே 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது. பாலிசி போடும்போது அதையும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், வண்டி விற்பது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதில்லை. "வாங்கினவர் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால், நோட்டீஸ் யார் வீட்டுக்கு வரும்? புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. அவர்தான் உரிமையாளர் என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் விற்றவர், வாங்கியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவதுதான் நல்லது. வாங்கியவரும் 14 நாளுக்குள் பாலிசியில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும்.

பாலிசித் தாள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. பயப்பட வேண்டாம். முக்கியமானவை எண்கள்தான். எண்களை இப்போது படிக்க முடியுமே! வண்டி எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு தேதியைப் பாருங்கள். எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதி இருக்கும். இரண்டாவது தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஏஜெண்ட் பணம் வாங்கிக்கொண்டு "நாளைக்குத் தருகிறேன்" என்றால், தாள் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். தாளைச் செல்போனில் 'டிஜிலாக்கர்' மூலமாகவும் போலீசாரிடம் காட்டலாம்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் என்ன செய்வது? எண் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? அதற்கும் அரசிடம் வழி இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. விபத்து நடந்த தாலுகாவின் தாசில்தார் அல்லது கோட்ட அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். போலீசில் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஆஸ்பத்திரித் தாள்களையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். சீட்டில் தேதி போட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.