குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் குழந்தையின் உடல் சுடுகிறது. வேலைக்குச் சென்றால் குழந்தை என்னாகும்? செல்லாவிட்டால் அன்றைய சம்பளம் என்னாகும்? இவ்விக்கட்டு நம்மில் பலருக்கும் நேர்ந்ததே. எக்காய்ச்சலை வீட்டில் கவனிக்கலாம், எக்காய்ச்சலுக்குத் தாமதிக்கலாகாது என்பதை அறிந்திருந்தால் தடுமாற்றமின்றி முடிவு செய்ய இயலும்.

தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 38 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சலாகும். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு இவ்வெப்பம் கண்டால், அது நலமாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவ்வயதில் கடுமையான நோய்த்தொற்றுக்கும் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி தென்படாதிருக்கலாம்.

சற்று வளர்ந்த குழந்தை பால் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். ஆமெனில், மெல்லிய சட்டை அணிவித்து, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து வாருங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரும் கொடுக்கலாம். கம்பளியால் மூடுவதும் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவதும் தவறு.

குழந்தை வருந்தினால் பாரசிட்டமால் கொடுக்கலாம். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. நான்கு முதல் ஆறு மணி நேரம் கடந்தே மறுவேளை கொடுக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மிகலாகாது. இம்மருந்து 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கப்படுகிறது. ஆகவே புட்டியின் மேலுள்ளதைப் படித்தபின் அளவுக் கரண்டியை எடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். வாயில் கரண்டி வைக்காதீர்கள்; கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிடில் 999 எண்ணை அழையுங்கள். நின்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிங்கிக் காய்ச்சலை நாம் மறத்தலாகாது. பால் மங்கில் தேங்கும் மழைநீரிலும் ஏடிஸ் கொசு பெருகும். டிங்கியில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளையாகும். காய்ச்சல் விட்டபின் குழந்தை வயிற்று வலியால் அழுதாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும், துவண்டு கிடந்தாலும் விரைந்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாமை, பால் குடிக்க மறுத்தல் ஆகியவை எக்காய்ச்சலிலும் அபாய அறிகுறிகளே. மூன்று நாள் நீடிக்கும் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது நலம்.

குழந்தையைப் பாட்டியிடமோ ஆயாக் கொட்டகையிலோ விட்டுச் செல்ல நேர்ந்தால், காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும் மருந்து கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லையேல் ஒரே மருந்து இருமுறை கொடுக்கப்படலாம். அபாய அறிகுறி ஒன்றேனும் கண்டால், கங்காணியிடம் சொல்லிவிட்டுக் குழந்தையோடு புறப்படுங்கள். இழந்த ஒரு நாள் சம்பளத்தை நாம் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். இழந்த ஒரு மணி நேரம் குழந்தையின் உயிருக்கே கேடாகலாம்.