மெட்டு அவளுடையது, சொல் நம்முடையது
(ஒரகடம் பகுதி ஆசிரியர் கூட்டத்தில் ஓர் இசை ஆசிரியர் ஆற்றிய உரை)



1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வந்தன. இன்று நம் வகுப்பறைகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தாள். பாட்டு வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள். பாட்டு வராத பிள்ளை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் மதிய உணவுக்குப் பின், கை கழுவும் இடத்தில் தனியே ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சுருதி இம்மியும் பிசகவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஏழு மாதம் அவளை நான் கேட்கவே இல்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். 1775இல் திருவாரூரில் பிறந்தவர். நம் காஞ்சிபுரத்திலும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். இளமையில் மணலியில் இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியக் குழுவின் இசை அவருக்குப் பழக்கமாயிற்று. அந்நிய மெட்டு என்று அவர் ஒதுக்கவில்லை. அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். அப்படிப் பிறந்தவையே ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரப் பாடல்கள். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. நம் மழலையர் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டில் ‘சியாமளே மீனாட்சி’ அமைந்தது. அவர் தம்பி பாலுசுவாமி, ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார்.

இவை நம் கைக்கு எப்படி வந்தன? சென்னையில் அரசுப் பணியில் இருந்த சின்னசாமி முதலியார், மேலை இசையும் கற்ற தமிழ்க் கிறித்தவர். நம் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் 1890களில் அச்சிடத் தொடங்கினார். செல்வம் கரைந்தது, கண்பார்வையும் போயிற்று. முயற்சி நின்றுவிடக் கூடாதே என்று, தீட்சிதர் மரபின் ஏடுகளைக் காத்துவந்த சுப்பராம தீட்சிதரைக் கொண்டு நூல் எழுதுவிக்கும்படி எட்டயபுரம் அரசரிடம் வேண்டினார். அறுபது வயதைக் கடந்த சுப்பராம தீட்சிதர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் வெளிவந்தது. தொடக்கநிலை மாணவருக்கான பாடநூலையும் 1905இல் வெளியிட்டு, நோட்டுஸ்வரங்களை அதில் சேர்த்தார். ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இது: காக்க வேண்டியதை அவர் பிள்ளைகளின் புத்தகத்தில் வைத்தார்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். லைப்சிக் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்த பாக் 1750இல் மறைந்தார். அவருடைய பெரும்படைப்புகள் பலவற்றைப் பொதுமக்கள் மறந்துபோனார்கள். 1829இல் பெர்லினில், பியானோக் கலைஞரான இருபது வயது மெண்டல்சன், பாடகர் குழுவை நடத்தி பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இசையை மீண்டும் ஒலிக்கச் செய்தார். ஏடு மட்டும் இருந்தால் போதாது. பாடப் பல வாய்கள் வேண்டும்.

நம் காலத்தில் அந்த வேலையைச் செய்தவர், சென்னையில் வளர்ந்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் கன்னிகேஸ்வரன். சேர்ந்திசைக் குழுக்களை இயக்குபவர். நோட்டுஸ்வரங்களை ஆய்ந்து, அயர்லாந்து இசைக்கலைஞர்களுடன் ‘விஸ்மயா’ என்ற தொகுப்பாக வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே சந்தித்த இரண்டு இசைகள் மறுபடியும் கைகோத்தன.

இவ்வளவும் படித்திருந்த நான், என் வகுப்புப் பிள்ளையின் மெட்டைக் கேட்கத் தவறினேன். மறுநாள் அவளை அருகில் அமர்த்திப் பாடச் சொன்னேன். ஸ்வரம் எழுதிக்கொண்டேன். மற்றப் பிள்ளைகள் அந்த மெட்டுக்குத் தமிழில் நான்கு வரி கட்டினார்கள், பள்ளி வாசல் வேப்பமரத்தைப் பற்றி. இரண்டாம் வரியில் நாங்கள் தாளம் தவறியபோது அவள்தான் திருத்தினாள். ஆசிரியர் இருக்கை அன்று அவளுடையது.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். வகுப்பில் பேசாத பிள்ளையிடம் வீட்டுப் பாட்டு ஒன்றைக் கேளுங்கள். வல்லம், படப்பை ஊர்களின் நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிமார் இன்னும் இருந்தால், அவர்களையும் பள்ளிக்கு அழையுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் சேர்ந்து பாட வையுங்கள்.